மெம்பரக்கா தோற்க வேண்டும்

என் மனைவி வசந்தாமணி எங்கள் தெரு வார்டுக்கு இரண்டு முறை மெம்பராக இருந்தவள். இந்த முறை ஊராட்சிக்கே பிரசிடெண்டாக நிற்கிறேன் என்று அவள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருட அனுபவம், கூட்டத்தில் எழுந்து பேசத் தெரிந்த வாய். எதிரே நின்ற கயல்விழிக்கோ ஊராட்சி அலுவலகத்தின் வாசல் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாது. அவள் புருஷனுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகள் ஓடின, அவ்வளவுதான். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"பிரசிடெண்டுக்கு நின்னா மெம்பருக்கு நிக்க முடியாதுங்க. தோத்தா இருக்கறதும் போயிரும்," என்றாள் வசந்தாமணி.

அந்த வேலை அவளுக்கு உயிர். கூட்டம் என்றால் குச்சிக்கிழங்குக் காட்டு வேலையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு விடிந்ததுமே கிளம்பிவிடுவாள். அதுவும் போய்விட்டால் இவள் எப்படி இருப்பாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நில்லு என்றேன்.

ஓட்டுக் கேட்கப் போன முதல் நாளே பள்ளக்காட்டு வார்டில் செல்லமுத்து வழிமறித்தார். அந்தப் பக்கம் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

"எங்களுக்கு வர இருந்த தண்ணித் தொட்டிய உங்க தெருவுக்கு இழுத்துட்டுப் போனது நீங்கதானுங்களே? இப்ப எந்த மொகத்த வெச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?"

அவர் சொன்னது உண்மைதான். ஒரு தொட்டிதான் கட்ட முடியும், அது பள்ளக்காட்டுக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இவள் கூட்டத்தில் சாயங்காலம் வரை நின்று வாதாடி, மற்ற மெம்பர்களை ஒவ்வொருவராகக் கைதூக்க வைத்து, அதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்குத் தெரு முழுக்க லட்டுக் கொடுத்தவன் நான். இன்றைக்கு செல்லமுத்து முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

கயல்விழிக்கு இந்தத் தொல்லையே இல்லை. எதுவுமே செய்யாதவள் மேல் யாருக்கு என்ன கோபம் வரும்? கும்பிட்டுச் சிரித்தாள், போய்க்கொண்டே இருந்தாள்.

சரி, எங்கள் தெரு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாரியம்மன் கோயில் பக்கம் போனால், எங்கள் தெருப் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காட்டில் களை வெட்ட வரும் பெருமாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் நெகிழ்ந்துபோய், வசந்தா ஜெயிக்கவா என்று கேட்டேன்.

"இல்லீங்க. மெம்பரக்கா தோக்கோணும்னுதான் வேண்டிக்கிட்டோம்."

எனக்கு வந்த கோபத்தில் பானையை எட்டி உதைத்திருப்பேன். சாமிக்கு வைத்த பானை என்பதால் பிழைத்தது.

"கோவிச்சுக்காதீங்க. அவங்க பிரசிடெண்ட் ஆயிட்டா ஊரு முச்சூடும் பாக்கப் போயிருவாங்க. எங்களுக்கு ஆரு இருக்கா? தோத்துட்டா மறுக்கா எங்க மெம்பராவே இருப்பாங்கல்ல?"

"அவ மெம்பருக்கு நிக்கவே இல்ல பெருமாயி! தோத்தா ஊட்லதான் இருப்பா!"

"அதெப்படிங்க? அவங்கதான மெம்பர்?" என்று சொல்லிவிட்டு, இலையில் பொங்கலை வைத்து என் கையில் கொடுத்தாள். பொங்கல் அருமையாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வசந்தாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "திட்டறவங்களும் போட மாட்டாங்க, புடிச்சவங்களும் போட மாட்டாங்க. நாந்தான் பேராசப்பட்டுட்டனுங்களா?" என்று கேட்டாள்.

ஓட்டு எண்ணும் இடத்தில் எங்கள் தெருப் பெட்டியை முதலில் திறந்தார்கள். பிரசிடெண்டுக்கான இளஞ்சிவப்புச் சீட்டுகள் கயல்விழி பக்கமே அதிகம் விழுந்தன. அம்மன் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. மற்ற வார்டுகளில் முன்னே பின்னே இருந்தது. கடைசியில் பள்ளக்காட்டுப் பெட்டி வந்தபோது, "போலாமுங்க, வாங்க," என்று வசந்தாமணி எழுந்துவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தப் பெட்டியில் ஒரு கட்டு அவள் பக்கம் போனது. அடுத்த கட்டும் அவள் பக்கமே போனது. எண்ணுகிறவர் தப்பாக வைக்கிறாரோ என்று நானே எழுந்து எட்டிப் பார்த்தேன். தப்பு இல்லை. பள்ளக்காடு இவளை ஜெயிக்க வைத்துவிட்டது!

வெளியே செல்லமுத்து ரோஜா மாலையோடு நின்றார்.

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்க. அப்பறம் ஊட்டுக்குப் போயி ரோசன பண்ணுனோம். எதிரா நின்னு இந்தப் போடு போட்டவங்க, நம்ம பக்கம் நின்னா எப்படி இருக்கும்னு. அதான் போட்டோம்."

வசந்தாமணி அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். "உங்க தண்ணிய நிறுத்துனவ நாந்தானுங்க. எனக்கா போட்டீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

ஊர் எல்லையில் எங்கள் தெருக்காரர்கள் மேளத்தோடு காத்திருந்தார்கள். பெருமாயி ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். தோற்க வேண்டிக்கொண்ட வெட்கம் யார் முகத்திலும் இல்லை. ஆரத்தி முடிந்ததும், நாங்கள் வந்த வாடகை வண்டியை டிரைவர் எங்கள் தெருப் பக்கம் திருப்பினார்.

"பள்ளக்காட்டுக்கு உடுங்க சாமி," என்றாள் வசந்தாமணி. "தொட்டிய எந்த எடத்துல கட்டறதுன்னு பாத்துப்போட்டு அப்பறம் ஊட்டுக்குப் போலாம்."

வண்டி நகர்ந்தது. பெருமாயியும் மற்றவர்களும் மேளக்காரரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்கள்.