டிரிப் ஆகாத தொட்டி

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவளுக்கு நாற்பது வயதாகிறது, என் வீட்டுக்காரர் இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பாப்பாவுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் சுவரைப் பார்ப்பாள், மனிதர்களை அப்புறம்தான். அந்த ஸ்விட்ச் சூடாகுது அண்ணி, இந்தப் பிளக் ஆடுது அண்ணி. என் குடித்தனத்தில் குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறாள் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்றால் அது அவளால்தான். அதனால் வேறு வழியில்லாமல் அவளைப் புகழப்போகிறேன்.

எங்கள் ஹாலில் நாலடி மீன் தொட்டி இருக்கிறது. மீன்கள் சாப்பிட்ட பிறகுதான் இவர் சாப்பிடுவார். தண்ணீர் சூடாக ஒரு ஹீட்டர், சுத்தமாக ஒரு ஃபில்டர், காற்றுக்கு ஒரு பம்ப், அழகுக்கு ஒரு விளக்கு. நாலும் தொட்டிக்குப் பின்னால் கிடந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். கரண்ட் கசிந்தால் தானாகவே லைனை அணைக்கிற வீட்டு டிரிப்பர் இரண்டு மாதமாக அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் மீனுக்கு முன்னால் இவருக்கு மூச்சு முட்டும். "டிரிப்பரே சரியில்ல" என்று திட்டுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு ஒருநாள் டிரிப்பர் விழுவது நின்றுவிட்டது. தானாகவே சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் இவர் சிரிப்பார். "சுருக் சுருக்குன்னு இருக்கு பாரு, மீனெல்லாம் முத்தம் குடுக்குது" என்பார். எனக்குக் கொடுக்க ஆளில்லை, மீனாவது கொடுக்கட்டும் என்று போய்விடுவேன்.

அந்தச் சனிக்கிழமை இவர் வேலையாக வெளியூரில் இருந்தார். தண்ணீர் மாற்றும் வேலை என் தலையில். குளியலறைக் குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது பாப்பா போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, வீட்லதான இருக்கீங்க? ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்."

"இல்லம்மா, கிளம்பிட்டேன். சாயங்காலம்தான் வருவேன்" என்றேன். வந்தால் இருக்கிற வேலையோடு ஸ்விட்சுகளைப் பற்றிய பேச்சும் சேர்ந்துகொள்ளும். போனை வைத்தேன். அது மறுபடி அடித்தது. அவள்தான். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது போனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு வாளியைத் தூக்கி வந்ததில் தரையெல்லாம் தண்ணீர். செருப்பு வழுக்குகிறதென்று கழற்றிவிட்டேன். தொட்டியின் மூடியைத் திறந்து, ஃபில்டர் பஞ்சைக் கழுவ எடுக்கலாமென்று நைட்டியின் கையை மடித்துவிட்டேன். அப்போதுதான் கதவு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரடா இது என்று எரிச்சலோடு போய்த் திறந்தேன்.

பாப்பா நின்றாள். ஏழு மாடி படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் கீழே வரவில்லையாம். தலையில் வேலைத்தொப்பி அப்படியே இருந்தது.

"தொட்டியில கை வெச்சீங்களா அண்ணி?"

"இன்னும் இல்ல. ஏன்?"

கனமான ஷூவோடு நேரே ஹாலுக்குள் போனாள். துடைத்த வீட்டில் ஷூவா என்று என் வாய் வரை வந்தது. இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் நுனியை மட்டும் தண்ணீரில் வைத்தாள். டெஸ்டருக்குள் சிவப்பாக விளக்கு எரிந்தது.

சுவரில் எரிய வேண்டியது தண்ணீரில் எரிந்தது.

"மீனெல்லாம் நல்லாத்தான நீந்துது?" என்றேன்.

"கம்பியில குருவி உக்காருதே, அதுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. அது தரையைத் தொடல. நீங்க ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கிறீங்க. பின்னாடி வாங்க."

மெயினை அணைத்தாள். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். போர்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். தொட்டிக்குப் போகிற வயரை டிரிப்பர் பக்கமே விடாமல் நேராக மெயினிலிருந்து இழுத்திருந்தது. அவள் அண்ணன் காரியம். அண்ணனுக்காக எதையாவது சொல்லி மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, டிரிப்பரை விட்டுட்டுத் தனியா வயர் இழுத்தியா?"

"வேற என்ன பண்றது பாப்பா? அது விழுந்தா பம்பு நின்னுடுது. காத்து இல்லாம மீன் செத்துடும்."

"மீன் ஒரு மணி நேரம் தாங்கும்ணா. அண்ணி ஒரு நிமிஷம் தாங்க மாட்டாங்க."

பாப்பா அதோடு விடவில்லை.

"நீ எப்படித் தப்பிச்சேன்னு நான் சொல்லவா? உனக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளயும் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டே திரியற. அதான் உனக்குச் சுருக்குன்னு மட்டும் இருந்திருக்கும்."

முத்தம் என்று சொன்னாரே, அது நினைவுக்கு வந்தது. அந்த மனிதரை அங்கேயே கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டவும் தோன்றியது.

அதற்கப்புறம் அவள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் அவசரமில்லை. ஒரு திருகாணி கூடக் கீழே விழவில்லை. வயரைப் பழையபடி டிரிப்பர் வழியாக மாட்டினாள். என்னை வாசற்படிக்கு அனுப்பிவிட்டு மெயினையும் பிறகு ஒவ்வொன்றாகவும் போட்டாள். விளக்கு, டிரிப்பர் விழவில்லை. பம்ப், விழவில்லை. ஃபில்டர், அப்போதும் விழவில்லை. ஹீட்டரைப் போட்டதும் டிரிப்பர் பட்டென்று விழுந்தது. பாவம், இரண்டு மாதமாக அது இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

ஹீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிக் குழாயில் முடி போல ஒரு விரிசல், உள்ளே தண்ணீர். அதன் பிளக்கைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தாள்.

"எதுக்கு வெட்டற?"

"இல்லன்னா எங்க அண்ணன் குப்பையிலருந்து எடுத்து மறுபடி மாட்டுவான்."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து எடுத்து, தொட்டியை விட்டுத் தள்ளி சுவரில் உயரமாக அடித்தாள். வயர்களை இழுத்துக் கட்டாமல் கீழே தொங்கிப் போகும்படி விட்டாள். தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வருமாம். தொங்குகிற இடத்தில் சொட்டிவிடும், பிளக் வரை ஏறாது. கரண்ட் போனால் ஓட, பேட்டரி பம்ப் ஒன்றை நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றாள். பத்து வருஷமாக இவள் சுவரைப் பார்த்தது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எவ்வளவு கெட்டிக்காரியை எவ்வளவு நாள் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறேன்.

வேலை முடிந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். "காலையில உன்கிட்டப் பொய் சொன்னேன் பாப்பா. நான் வீட்லதான் இருந்தேன்."

"தெரியும் அண்ணி."

"எப்படி?"

"நேத்து அண்ணன், இப்பல்லாம் தொட்டி டிரிப் ஆகறதே இல்லன்னு பெருமையடிச்சான். எப்படின்னு கேட்டா சிரிக்கிறான். மனசே கேக்கல. அதான் காலையில கூப்பிட்டேன். நீங்க கிளம்பிட்டேன்னு சொல்றப்ப பின்னால வாளி நிரம்பற சத்தம் கேட்டுது. இன்னிக்குத் தண்ணி மாத்தற நாள்னு ஞாபகம் வந்துது." ஒரு வாய் குடித்தாள். "கை வெக்காதீங்கன்னு சொல்லத்தான் ரெண்டு தடவை திரும்பக் கூப்பிட்டேன்."

போன் இன்னும் சோபாவில் கவிழ்ந்தே கிடந்தது. அதை நிமிர்த்த எனக்குக் கை வரவில்லை.