நீல டை

காலணி ஆலையின் இரும்புக் கதவைப் பெண்கள் உள்ளேயிருந்து கட்டியிருந்தார்கள். கம்பி, தையல் நாடா, காலணிப் பெட்டி கட்டும் கயிறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு இறுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு நீல டை. கணக்குப் பிரிவு பியோ அதைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரியைத் தாழ்த்தினான்.

அது அவனுடைய டை. ஜூன் மாதம், தென்கொரியாவை ஆண்ட ஜெனரலைப் பதவியை விட்டு இறங்கச் சொல்லி புசான் நகரமே தெருவுக்கு வந்தபோது, கண்ணீர்ப்புகையில் தடுமாறிய ஒரு பெண்ணின் மூக்கைச் சுற்றி அவனே கட்டிவிட்டது. எரிச்சல் தணிய அவள் அவன் கண்ணுக்குக் கீழே பற்பசை தடவிவிட்டாள். அப்புறம்தான் இருவரும் ஒரே ஆலை என்று தெரிந்தது. அவள் ஓக்புன், தையல் பிரிவு. இனிமேல் நீ எனக்குத் தங்கச்சி என்றான் பியோ. மனதாரத்தான் சொன்னான்.

ஜெனரல் பணிந்தார், தேர்தல் என்று அறிவித்தார்கள். பியோ நண்பர்களோடு சோஜு குடித்துப் பாடினான். ஓக்புன் வேலை முடிந்து கிளம்பியபோது காவலாளி வழக்கம்போல அவளை உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டான். தோல் திருடுகிறார்களா என்று சோதனையாம். அலுவலகக்காரர்களுக்கு வேறு வாசல், அங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை. ஆகஸ்டில் பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது பியோவின் பின்னால் நிர்வாகம் கூட்டிவந்த ஆட்கள் தடிகளோடு நின்றார்கள். 'கம்பெனியைக் காப்போம்' என்ற துணிப்பட்டை அவன் நெற்றியிலும் இருந்தது. கதவு திறந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை.

கதவுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஓக்புன் வந்து நின்றாள்.

"அண்ணே, தொறக்காதீங்க."

"தேர்தல் வரப்போகுது தங்கச்சி. எல்லாம் மாறும். இப்பப் போயி ரகளை பண்ணா ராணுவம் திரும்ப வந்துரும். கொஞ்சம் பொறுத்தா என்ன?"

"ஜூன்ல நாங்க பொறுத்திருந்தா உங்களுக்கு ஏதுண்ணே தேர்தல்?"

மேலாளர் பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார். பியோ குனிந்து நாடாவை வெட்டினான், கயிற்றை வெட்டினான், கம்பியைப் பிரித்து எடுத்தான். டை மட்டும் மிச்சமிருந்தது. அவன் தன் கல்யாணத்துக்கு வாங்கியது. திருப்பிக் கொடுப்பதற்காக ஓக்புன் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது, இன்னும் சோப்பு வாசனை வந்தது.

அவன் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டான். துணி கசங்காமல் முடிச்சை நிதானமாக அவிழ்த்தான். டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். கட்டு ஒன்றும் இல்லாத கதவை ஓக்புன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.