செம்பட்டைக்கு இரண்டு பக்கம்

“எங்கிட்ட மறைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா உங்களுக்கு?”

“எனக்கா? உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுங்கிற பழக்கமே எனக்குக் கிடையாது.”

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு தேநீர்க் கடையில் அவர் எனக்குச் சொன்ன பதில் இது. சொல்லும்போது அவருடைய வெள்ளைக் காலரில் நீலம் கலந்த கறுப்பில் ஒரு சொட்டு காய்ந்துபோயிருந்தது. ஜன்னல் வெயிலில் இமைமுடிகள் செம்புக் கம்பிகளாக மின்னின.

நான் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவள். ஒரு உடைந்த ஓட்டுத் துண்டை நீட்டி ‘இதே நிறம் வேணும்’ என்றால், எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அந்த இமை, மஞ்சள் காவி மூன்று, சிவப்பு இரண்டு, கறுப்பு அரை. அசல் செம்பட்டை. மனிதர் தலைக்கும் புருவத்துக்கும் கறுப்படித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ‘உங்க சொந்த முடியைக் காட்டுங்க’ என்ற ஒரே ஒரு வேண்டுகோளை நாலு வருடம் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கை முடியை ஏன் மழிக்கிறீர்கள் என்றால் “கியர்ல மாட்டும்” என்பார். இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை குளியலறையில் ஒரு மணி நேரம் தாழ்ப்பாள். கேட்டால் “வயிறு சரியில்ல.” நானும் அந்த வயிற்றுக்கு அக்கறையாக ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுப்பேன். அவர் முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிடுவார்.

அப்புறம் மகள் பிறந்தாள். நர்ஸ் துணியை விலக்கினாள். செம்பட்டைத் தலை பற்றி எரிந்தது.

முதலில் வந்தவர் நாத்தனார். என்னைத் தவிர, தம்பியின் தலை விஷயம் தெரிந்த ஒரே ஆள். குழந்தையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஒரு நொடியில் முடிவெடுத்தார்.

“இரும்பு மாத்திரை” என்றார். “ஒன்பது மாசம் இரும்பா விழுங்கினா உள்ள துருப் பிடிக்காம என்ன பண்ணும்?”

“துருவா, அண்ணி?”

“குளிப்பாட்டக் குளிப்பாட்டப் போயிடும்.”

என் கணவர் வேகமாகத் தலையாட்டினார்.

அடுத்து என் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், எந்தப் பேச்சையும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டுதான் பேசுவான். அன்று பிரேக் பிடிக்கவில்லை.

“என் தங்கச்சியப் பத்தி எவனாவது ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையே அண்ணா.”

“சொல்லிட்டா? மாப்பிள்ளை, இத டாக்டர்கிட்டயே கேட்டுத் தீர்த்துக்குவோம்.”

நாலு பேரும் குழந்தையுமாக மரபணு ஆலோசகரின் அறையில் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சின்னப் பெண். துரு விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, தாளில் இரண்டிரண்டாகக் கட்டம் போட்டாள்.

“முடி நிறத்துக்கான குறிப்பு ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு இருக்கும். அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. அதுல ஒண்ணு மட்டும் செம்பட்டையா இருந்தா, பெரும்பாலும் கறுப்பு அத அமுக்கிடும். ரெண்டும் செம்பட்டையா அமைஞ்சாதான் இந்த மாதிரி தலை.”

“அப்ப இது யார் பக்கம்?” அண்ணனும் நாத்தனாரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

“ரெண்டு பக்கமும்தான். ரெண்டு கையும் தட்டினாதானே ஓசை.”

“எங்க பக்கம் கிடையவே கிடையாது” என்றான் அண்ணன்.

“சார், நீங்க தாடி விட்டா என்ன நிறத்துல வரும்? ஒரே ஒரு குறிப்பு இருக்கறவங்களுக்குச் சில சமயம் தாடியில மட்டும் தெரியும்.”

அண்ணன் தாடையைக் கையால் பொத்திக்கொண்டான். “அது வெயில்ல வெளுத்தது.”

“மூக்க விட்டுட்டு தாடைக்கு மட்டும் அடிக்குதா வெயில்?” என்றார் நாத்தனார், பரம திருப்தியோடு.

ஆலோசகர் என் கணவர் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை அவருடைய இமையில் ஒரு கணம் நின்றது. இதோ சொல்லப்போகிறார்.

“தலை கறுப்பா இருந்தாலும் உள்ள ஒரு குறிப்பு ஒளிஞ்சிருக்கலாம், இல்லையா?” என்றார் அவர்.

“இருக்கலாம்.”

“அதேதான். ஒளிஞ்சிருக்கு.”

நாத்தனார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் ஓமத்தண்ணீர் குடித்த முகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் உச்சிமுடியை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு முன்னாடி இவளுக்கு லேசா கறுப்பு போட்டுடலாம்மா. பிள்ளைங்க சும்மா விடமாட்டாங்க. தீக்குச்சிம்பாங்க. பென்சில் பெட்டியில தண்ணி கொண்டுவந்து தலையில ஊத்தி, அணைச்சுட்டோம்பாங்க.”

இது யாரும் யோசித்துச் சொல்கிற கேலி அல்ல. யாருக்கோ நடந்தது. அவர் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தார். தாழ்ப்பாள் விழுவதற்குள் கதவிடுக்கில் காலை வைத்தேன்.

“என்னங்க, நீங்க உள்ள ஒளிச்சு வெச்சிருக்கற பாட்டில்ல இருக்கறது நீங்க வாங்கின சாயமில்ல. அதுல நீலம் தூக்கல். கல்யாணமான மாசத்துலேருந்து நான்தான் நல்லதா மாத்தி ஊத்தி வைக்கிறேன்.”

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நான் பூசிப் பூசி என் கை தேறிடுச்சுன்னு நினைச்சேன்.”

“தெரியும்.”

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்வீங்கன்னுதான்.”

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அவர் மெல்ல உட்கார்ந்தார். “அவளக் கேலி பண்ணுவாங்கம்மா.”

“பண்ணட்டும். அழுதுட்டு வீட்டுக்கு வந்தா, அவள மாதிரியே இன்னொரு தலை இங்க இருக்கணும்.” குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். “இன்னைக்குப் பூசாதீங்க. இனிமேயும் வேண்டாம். உங்க சொந்த முடியை எனக்குக் காட்டுங்க.”