நான்கு எண்ணிக்கைக்கு ஒரு மூச்சு

டீச்சர் அலமாரியின் கீழ்த்தட்டில் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போதே ஒன்றரை ஆகிவிட்டது.

“விடுங்க டீச்சர், நான் எடுக்கிறேன்” என்றாள் பின்னால் நின்ற மாணவி.

“உனக்குத் தெரியாது. நான்தான் வெச்சேன்.”

மாணவியின் பெயர் வருகைப்பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ரயிலு. பெயரை வைத்தவர் அடுத்த அறையில் படுத்திருக்கிறவர்தான். முதல்முறை அவள் எழுதிய பாட்டைப் பாடி முடித்துவிட்டு, “ஏம்மா, உன் வண்டி எந்த ஸ்டேஷன்லயும் நிக்காதா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

டீச்சர் இசைக் கல்லூரியில், பலர் சேர்ந்து பாடுவதற்கான புதுப் பாட்டுகளை எழுதச் சொல்லிக்கொடுப்பவள். ஒன்பது பேர் வகுப்பு. ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு பாட்டாவது நான்கு குரலுக்கும் எழுதியாக வேண்டும். கல்லூரிப் பாடகர் குழுவின் கைக்குப் போகும் முன் அந்தப் பாட்டு டீச்சர் வீட்டுச் சமையலறைக்கு வர வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அங்கேதான் அவள் கணவர் பாடிப் பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மேஜை ஓரத்தில் உட்காருவார். இசைத்தாள் படிக்கத் தெரியாது. இரண்டு தடவை காதில் வாங்கினால் போதும், நான்கிலும் தாழ்ந்த அடிக்குரலைப் பிசகாமல் பிடித்துவிடுவார். எங்கே அவருக்கு மூச்சு முட்டுகிறதோ அங்கே டீச்சர் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கொக்கி போடுவாள். எழுதியவர் அந்த இடத்தில் வரியை வெட்டித் திருத்தி எழுத வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

“படிச்ச பாடகன் சமாளிச்சுடுவான். இவரோட மூச்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்பாள் பிள்ளைகளிடம். பெருமையாகத்தான் சொல்வாள்.

தேடிய பாட்டுக் கோப்பு கிடைத்தது. ரயிலுவின் பாட்டு மட்டும் நான்கு பிரதிகள்.

“அங்கிளுக்காக நாங்க எந்தப் பிரதியப் பாடணும் டீச்சர்?” ரயிலு தயங்கினாள். “நான் முதல்ல எழுதினதப் பாடலாமா? இன்னிக்கு ஒரு நாள்.”

அந்தப் பாட்டை முன்னிட்டு இருவருக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ‘மழை விட்ட பின்னும் இலைகள் பேசிக்கொண்டே இருக்கின்றன’ என்பது பல்லவி. பதினாறு எண்ணிக்கைக்கு நிற்காமல் போக வேண்டும் என்று ரயிலு. வெட்டு என்று டீச்சர். மூன்று தடவை வெட்டவைத்தாள். கடைசித் தடவை, “எக்ஸ்பிரஸ்ஸ பாசஞ்சரா ஆக்கிட்டீங்களே டீச்சர்” என்று ரயிலு அழுதேவிட்டாள். அப்போது அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தார். “நீ எழுதுறதப் பாடினா நான் செத்தே போயிடுவேம்மா.”

டீச்சரும் சேர்ந்து சிரித்தாள்.

பிரதிகளைத் தரையில் பரப்பினாள். தேதி போடுவது அவள் பழக்கம். ஜனவரிப் பிரதியில் ஒரு கொக்கிகூட இல்லை. ஓரத்தில் அவள் கையெழுத்து: ‘ஒரே மூச்சு. நன்று.’ அதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. மார்ச்சில் பன்னிரண்டாம் எண்ணிக்கையில் கொக்கி. மேல்குரல்களை ரயிலு மாற்றியிருந்தாள், அதுதான் அவரை இழுக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். மே மாதம் எட்டாம் எண்ணிக்கையிலேயே. ஜூலையில் நான்குக்கு ஒன்று. சொல்லுக்குச் சொல் சிவப்புக் கொக்கி.

வெட்டிய இடங்களைத் தவிர, அடிக்குரலின் வரி ஜனவரியிலிருந்து ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “ஆறேழு மாசமாவே மூச்சு வாங்கியிருக்கணுமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?”

“இல்லையே டாக்டர்” என்றாள் டீச்சர். சத்தியமாக அப்படித்தான் நம்பினாள்.

கவனித்திருக்கிறாள். தேதி போட்டுக் கவனித்திருக்கிறாள். மனுஷன் மூச்சுக்குத் தவித்த இடத்தையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் குறித்துவைத்து, பாட்டைத் திருத்தியிருக்கிறாள்.

ரயிலுவும் தேதிகளைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது. டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. அவரோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மெக்கானிக்.

“அண்ணி, வண்டிக்குச் சொல்லியாச்சு. நீங்க ஒரு வாய் தண்ணியாவது...” என்றவர் அவள் இருந்த இருப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் டீச்சர்.

எது என்று அவர் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்ம தொழில்ல நாம போறப்ப லிஃப்ட் ஓடாதே அண்ணி, படிதான். மூணு மாசமா மாடிக்கு மாடி உக்காந்துதான் ஏறுவார். டாக்டரப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அண்ணிகிட்ட நான் சொல்றேன்னா, வேண்டாம்டாம்பார்.” மூக்கை உறிஞ்சினார். “‘அவளுக்குப் பாம்புக்காது. நான் சொல்லவா வேணும், அவளே கண்டுபிடிச்சுத் திட்டுவா பாரு’ன்னு சொல்லுவார்.”

டீச்சர் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அப்படியும் சத்தம் வெளியே வந்தது. கணவர் போனதிலிருந்து முதல் அழுகை அதுதான். ரயிலு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் ஜூலைப் பிரதியை எடுத்து நீட்டினாள்.

“இதையா டீச்சர்?”

“இதைத்தான்.”

“நாலு எண்ணிக்கைக்கு ஒரு தடவ நிறுத்தணுமே. எங்க யாருக்கும் அது தேவைப்படாது.”

“தெரியும். இருந்தாலும் நிறுத்துங்க.”

வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரும் அவர் தலைமாட்டுக்குப் பின்னால், சமையலறையில் நிற்பதுபோலவே நெருக்கியடித்து நின்றார்கள். உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சர் எதிரே வந்து நின்று கையை உயர்த்தினாள். அவருக்கு யாரோ வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

மழை விட்ட, என்று பாடி நிறுத்தினார்கள். மூச்சு. பின்னும், என்று பாடி நிறுத்தினார்கள். மூச்சு. இருபது வயது நெஞ்சுகள், எத்தனை நீளமும் தாங்கக்கூடியவை. ஒவ்வொரு கொக்கியிலும் அவர் எடுத்த இடத்தில் எடுத்து, அவர் விட்ட இடத்தில் விட்டார்கள். மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டு தெரியாதவர்களுக்குக்கூட, யாரோ படி ஏறி ஏறி உட்காருவது கேட்டது.

கடைசிக் கொக்கி வந்தது. அதற்கப்புறம் அடிக்குரல் முதலில் எடுக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் சேர வேண்டும். டீச்சரின் இடது கை பழக்கத்தில், சமையலறையில் அவர் உட்காரும் மேஜை ஓரம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, எடுங்க என்பதுபோல உயர்ந்தது. அங்கே யாரும் இல்லை.

கை இறங்கவில்லை. இழுத்த மூச்சோடு பிள்ளைகள் காத்து நின்றார்கள்.