செவ்வாய் விரதம்

பூரணம் படலையைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இண்டைக்கு நீ ஒரு இடமும் போகேலாது. கஜந்தினிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். விசர்க் கிளினிக்கிலை ஆரும் உன்னைக் கண்டால் என்ரை மகளை ஆர் கட்டுவினம்?"

இளைய மருமகள் தர்சினி சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். மனச்சோர்வுக்குக் கிளினிக்கில் தந்த குளிசை முடிந்துவிட்டது. குளிசையில்லாத நாட்களில் கிணற்றடிக்குத் தனியே போக அவளுக்குப் பயம். கிணற்றுக்கல்ல, தனக்குத்தான் பயம்.

"நிப்பாட்டினால் எனக்கு ஏலாது மாமி."

"உதெல்லாம் நீயா நினைக்கிறது. கோபிகாவைப் பார். அவளின்ரை புருசனும் வெளிநாட்டிலைதான். உதே வீடு, உதே சோறு. அவளுக்கு ஏதும் வந்ததோ? செவ்வாய் தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போறாள். நீயும் விரதம் பிடி, மனம் தெளியும்."

ஒரே வீடு, ஒரே சோறு, ஆகவே ஒரே மனம். எவ்வளவு சுலபமான கணக்கு! சிறுவயதில் போர்க்காலச் செல்லடியில் தாயைப் பறிகொடுத்தவள் யார் என்று அந்தக் கணக்குக் கேட்பதில்லை. "விசா வந்திட்டுதோ?" என்று ஊர் கேட்கும்போதெல்லாம் சிரித்துச் சமாளிப்பவளையும் அதற்குத் தெரியாது. நீர்வேலித் தோட்டக்காரர் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பார்கள். பக்கத்து வாழையைக் காட்டி ஏசமாட்டார்கள்.

மூத்த மருமகள் கோபிகா அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இறங்கி வந்து தட்டை மாமியின் கையில் கொடுத்தாள்.

"இண்டைக்கு நீங்களே கோயிலுக்குப் போங்கோ மாமி. நான் ஒரு செவ்வாயும் போகேல்லை. ரவுண் கிளினிக்குக்குத்தான் போறனான். உவளுக்கு முந்தியே நான் குளிசை போடத் தொடங்கீட்டன்."

"அக்கா, என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் தர்சினி.

"பயம், பிள்ளை. என்னைக் காட்டித்தானே மாமி உன்னை ஏசுறவ. அந்த நல்ல பேர் எனக்கு வேண்டிக்கிடந்தது."

பூரணம் ஒழுங்கைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அங்கை உன்னை ஆரும் கண்டவையோ?"

கோபிகா கையை நீட்டினாள். "திறப்பைத் தாங்கோ மாமி. இல்லாட்டி இஞ்சை நிண்டு ஊருக்கே கேக்கச் சொல்லுவன்."

திறப்புக் கைமாறியது. "ஆரும் கேட்டால் கோயிலுக்கெண்டு சொல்லுங்கோ" என்று பூரணம் கெஞ்சினாள்.

இருவரும் படலைக்கு வெளியே வந்தபோது எதிர்வீட்டுப் பெர்னடெட் ஒழுங்கையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சோடியா எங்கை, கோயிலுக்கோ?"

படலைக்குப் பின்னால் பூரணம் மூச்சை அடக்கிக்கொண்டாள். பழகிய பொய்க்குக் கோபிகா வாயெடுத்தாள். தர்சினி முந்திக்கொண்டாள்.

"இல்லை அன்ரி, விசர்க் கிளினிக்குக்கு. ரெண்டு பேரும்தான்."