பூஜையில் வைத்த கோல்கள்

என் மாப்பிள்ளை சதாசிவம் கோல்ஃப் ஆடியே சோறு தின்கிறவன். ஜாவாவுக்கு இரண்டு தடவை கப்பலேறிப் போய் ஆடி வந்தவன். என் தங்கை பேச்சியம்மாளைக் கட்டியவன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஜொகூரில் அவனைப் போல் பந்தடிக்க இன்னொரு தமிழன் கிடையாது. அந்த விஜயதசமியன்று ஜொகூர் பாரு மைதானத்தில் ஜெயிக்கிறவன் மணிலா பந்தயத்துக்குப் போகலாம். மாப்பிள்ளைக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இதுதான் கடைசி, இனிமேல் அவனை ஆட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று கிளப்புத் துரை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதை அவன் பேச்சியிடம் சொல்லவில்லை.

அவனுடைய கோல் பையைச் சுமப்பவன் நான்.

முதல் நாள் ஆயுத பூஜை. பேச்சி கோல்களையெல்லாம் காளி படத்துக்கு முன்னால் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள். "அண்ணே, ஆட்டம் ஆரம்பிக்கிற வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று மிரட்டல் வேறு. நாங்களும் அவிழ்க்கவில்லை, மடையர்கள்.

எதிராளி சிங்கப்பூர் வெள்ளைக்காரன். அவன் முதல் பந்தைக் கிளப்பிய பிறகுதான் நான் துணியைப் பிரித்தேன். குப்பென்று நல்லெண்ணெய் வாடை.

"மச்சான், பிடியெல்லாம் வழுக்குதே!" என்றான் மாப்பிள்ளை.

அலமாக்! பால்வெட்டுக் கத்திக்கும் பாராங்கு அரிவாளுக்கும் பூஜையன்று பிடியில் எண்ணெய் போடுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். அது மரப்பிடி, தாங்கும். கோல்ஃப் கோலின் பிடியில் தோல் அல்லவா சுற்றியிருக்கிறது? ராத்திரி முழுக்க ஊறி விலாங்கு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீசினான்; கோல் கைக்குள்ளேயே திரும்பியது. பந்து லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சி எதிரில் இருந்திருந்தால் ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். பந்தை மேடுகட்டி வைக்க மைதானத்தில் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து மணலை அள்ளிப் பிடிகளில் பரபரவென்று தேய்த்தேன். கொஞ்சம் பிடிப்பு வந்தது, ஆனால் மணல் அவன் உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. மாப்பிள்ளை அந்தக் கையோடுதான் ஆடினான். ஒவ்வொரு குழியாக எட்டிப் பிடித்து, கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம்.

அப்போது பார்த்துத் தூறல் போட்டது. மாப்பிள்ளை என் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். காளியாத்தா, இந்த ஒரு அடி மட்டும் என்று வேண்டினேன்.

கோல் மறுபடியும் திரும்பியது. பந்து ரப்பர் மரங்களுக்குள் ஓடியது. ஒரே ஒரு அடியில் தோற்றோம்.

வீட்டு வாசலில் பேச்சி ஆரத்தித் தட்டோடு நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"தோத்துட்டேன் புள்ள."

"ஐயையோ! பூஜையில ஏதும் குறை வெச்சிட்டேனாங்க?"

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் காலை மிதித்தான்.

"பூஜையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு என் கைதான் சரியில்ல" என்றான். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தான்.

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்க. அடுத்த வருசம் மணிலாவுக்குப் போவீங்க, பாருங்க. பிடிக்கு நான் இன்னும் நல்லா எண்ணெய் போட்டுத் தர்றேன்."

"சரி புள்ள, போட்டுக் குடு" என்றான்.