கொட்டகைக்குள் முதல் கால்

"நல்ல நாளும் அதுவுமா நீ வெளியே வராதே. ஆடெல்லாம் உள்ளே போனப்புறம் வந்து தண்ணி காட்டு, போதும்," என்றான் அண்ணன், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு.

புருஷன் செத்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து ஆடுகளுக்கு எல்லாம் அவள்தான். குட்டி போடும்போது கை கொடுப்பது அவள், குளம்பு வெட்டுவது அவள். புதுக் கொட்டகைக்குப் பலகை சுமந்ததும் அவளேதான். ஆனால் உள்ளே முதல் கால் மட்டும் அவளுடையதாக இருக்கக் கூடாதாம், மந்தை விளங்காதாம். வேலைக்கு ஆகிற கால் விசேஷத்துக்கு ஆகாது. நல்ல நியாயம்தான், போங்கள்.

அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க யாரும் தடை போடவில்லையே.

அண்ணி புதுத்துணி சரசரக்கத் தழைக்கட்டோடு முன்னால் நடந்தாள். கொட்டகையைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டியிருந்தார்கள். புழுக்கை கீழே விழட்டும் என்று தளப் பலகைகளுக்கு நடுவே சந்து விட்டிருந்தது. மந்தையை எப்போதும் நடத்திப்போகும் கிழட்டு ஆடு சாய்பலகையில் ஏறி வாசல்வரை வந்து, சந்து வழியே கீழே எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. முன்னது நின்றால் பின்னது நகருமா? அண்ணன் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினான். அது திமிறித் திரும்ப, மந்தை மொத்தமும் அவனைச் சாய்த்துவிட்டுக் கீரைப் பாத்திக்குள் பாய்ந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கீரையும் போச்சு, மானமும் போச்சு. போய் அவளைக் கூப்பிடுங்க," என்றாள் அண்ணி.

அண்ணன் முழங்கையெல்லாம் மண்ணாக ஜன்னலுக்கு வந்தான். பின்பக்கமாகச் சுற்றி வந்து, யார் கண்ணிலும் படாமல் குரல் மட்டும் கொடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

"பின்பக்கமா வரமாட்டேண்ணா. வந்தா முன்வாசல் வழியா, எல்லாரும் பாக்கத்தான் வருவேன். வேணாம்னா சொல்லு, இங்கேயே உக்காந்துக்கறேன்."

அங்கே பாத்தியில் பாதி காலி. அண்ணன் சரியென்று தலையை ஆட்டினான்.

அவள் முன்வாசல் வழியே, சொந்தக்காரர்களுக்கு நடுவிலேயே நடந்து வந்தாள். ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்துச் சாய்பலகையில் நின்றபடியே சந்துகள் மறைய உள்ளே தூவினாள். அவள் குரல் கேட்டதுமே கிழட்டு ஆடு வாயில் கீரையோடு வந்து நின்றது. அதன் கழுத்தில் கை போட்டு, "வாடி, ஒண்ணுமில்ல," என்றாள். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். பின்னாலேயே மந்தை முட்டி மோதிக்கொண்டு ஏறியது.

அண்ணன் அவசரமாகத் தொண்டையைச் செருமிச் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

"முதல்ல கால் வச்சது ஆடுதான். நான் பாத்தேன்."

தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சரிண்ணா, ஆடுதான்னே வச்சுக்குவோம். ஆனா இவளோட ஜோடிக் கடா போன மாசந்தானே கழிச்சல் வந்து செத்துச்சு. இவளை எந்த ரூம்ல உக்கார வைக்கணும்னு சொல்லு, கொண்டுபோய் விட்டுடறேன்."